பெயரை எடுத்தது யாருக்காக

இரவு வேலையில் நடந்த ஒரு சர்வர் பிழை பற்றிய அறிக்கையிலிருந்து, அதைச் செய்த இளம் பொறியாளரின் பெயரை எடுத்தது நான்தான். பிழை யாருடையது என்று குறிப்பிடுவதில்லை என்பது எங்கள் குழுவில் எழுதப்படாத விதி. அந்த விதிக்காக மேலதிகாரிகளிடம் மல்லுக்கு நின்றவர்களில் நானும் ஒருவன். அதனால் எடுக்கும்போது கை தயங்கவில்லை. தன் பெயரைப் போட்டு அவரே எழுதியிருந்த வரிகளை ‘பணியில் இருந்த பொறியாளர்’ என்று மாற்றினேன், அனுப்பினேன், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் வந்து கேட்டார். “சார், நான் எழுதினதை ஏன் மாத்தினீங்க?”

“உனக்காகத்தான்மா.”

“நான் கேட்கலையே.”

அவ்வளவுதான் பேச்சு. குரலில் கோபம்கூட இல்லை. நான் ஏதோ சொல்லிச் சிரித்து மழுப்பினேன், அவர் இருக்கைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் அந்தப் பதிலை நான் இன்னும் விடவில்லை, அது என்னையும் விடவில்லை.

நடந்தது புதிதல்ல. சோதனை சர்வரில் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைத் தொகுப்பு, நிஜத் தகவல்கள் இருக்கும் நேரலை சர்வரில் ஓடிவிட்டது. திரையில் இரண்டு ஜன்னல்கள், இரண்டும் ஒரே நிறம், நேரம் நள்ளிரவுக்கு மேல். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். டேட்டாபேஸில் ஒரு டேபிள் (தகவல் அட்டவணை) காலியானது, பேக்கப்பிலிருந்து மீட்டோம், இடையில் பதிவானவற்றைக் கையால் திரும்ப ஏற்றினோம்.

முக்கியமானது வேறு. எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் காலைவரை யாருக்கும் தெரிந்திருக்காது, தெரிந்த பிறகும் வன்தட்டுக் கோளாறு என்றுதான் தேடிக்கொண்டிருப்போம். அவர் உடனே குழுவில் செய்தி போட்டார், போடுவதற்கு முன்பே, நகல் வைத்திருக்கும் பிரதி சர்வருக்கும் அழிவு பரவாதபடி அங்கே தகவல் போவதை நிறுத்தியிருந்தார். பதற்றத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தோன்றாத காரியம் அது. நான் திருத்திய அறிக்கையில் அதுவும் ‘பிரதி எடுப்பது உடனடியாக நிறுத்தப்பட்டது’ என்று ஆகியிருந்தது. யார் நிறுத்தினார்கள்? ஆளே இல்லை. தவறைச் செய்தவரை மறைக்கப்போய் நிலைமையைக் காப்பாற்றியவரையும் சேர்த்து மறைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே ஆள் என்பதால் வேறு வழியும் இல்லை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

என் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்லித் திட்டும் இடங்களில் நான் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே பிழைகள் குறையாது, பிழையைச் சொல்பவர்கள்தான் குறைவார்கள். நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதல்ல, மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் அதிலிருந்து எடுத்த விளக்கம். 1999-இல் உளவியல் பாதுகாப்பு, அதாவது குழுவில் பயமின்றிப் பேசலாம் என்ற நம்பிக்கை, பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்கும் அந்த ஆச்சரியமே தொடக்கம். மேலாளர்களிடம் பேசும்போதெல்லாம் நான் எடுத்து நீட்டும் உதாரணம் இதுதான். எனவே பெயரை எடுத்தபோது நான் ஏதோ மனம்போன போக்கில் செய்யவில்லை.

ஆனால் “நான் கேட்கலையே” என்பதற்கு இந்த ஆய்வில் பதில் இல்லை. அந்தச் செவிலியர்கள் தாங்களே சொன்னார்கள். என் சக ஊழியரும் தானே சொன்னார். தயங்காமல் சொல்லும் ஒருவரைப் பிடித்து, “நீ சொன்னதாக இருக்க வேண்டாம்” என்று ஓரமாக உட்கார வைத்தது நான். பாதுகாப்பு இல்லாத இடத்துக்கான மருந்தை, பாதுகாப்பாக உணர்ந்த ஒருவருக்குக் கொடுத்திருக்கிறேனா? அல்லது, ஒரு பேச்சுக்கு, அவர் உணர்ந்த பாதுகாப்பே இந்த விதியால் வந்ததுதானா? இரண்டாவதுதான் சரி என்று வாதாட என்னிடம் ஆதாரம் உண்டு. வாதாடத்தான் மனம் வரவில்லை.

அமெரிக்க விமானத் துறையில் 1976 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. விமானிகளும் மற்றவர்களும் தங்கள் தவறுகளையும் ஆபத்தான நிகழ்வுகளையும் நாசாவுக்கு எழுதி அனுப்பலாம். வேண்டுமென்று செய்யாமல் தவறுதலாக நடந்த விதிமீறலாக இருந்து, பத்து நாட்களுக்குள் எழுதியிருந்தால், பெரும்பாலும் தண்டனையிலிருந்து விலக்கு கிடைக்கும். நாசா பெயர்களை நீக்கிவிட்டுத்தான் விவரங்களைப் பயன்படுத்துகிறது. இதுவரை எனக்குச் சாதகம். ஆனால் படிவத்தில் பெயரும் முகவரியும் உள்ள துண்டுச் சீட்டை அவர்கள் அழித்துவிடுவதில்லை. தேதி முத்திரை குத்தி எழுதினவருக்கே திருப்பி அனுப்புகிறார்கள். நான் சொன்னேன், இந்தத் தேதியில் சொன்னேன் என்பதற்கு அது அவர் கையில் இருக்கும் சான்று. இந்த ஏற்பாட்டைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன், அந்தச் சீட்டு என் பேச்சில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

2017 ஜனவரி கடைசி நாளில் மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்தார். கிட்டத்தட்ட எங்கள் கதைதான், அளவு மட்டும் பல மடங்கு. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போனது, பேக்கப் முறைகள் பலவும் தேவைப்பட்ட நேரத்தில் கைகொடுக்கவில்லை. அவர்கள் மீட்புப் பணியை நேரலையாகவே ஒளிபரப்பினார்கள், பிறகு வெளியிட்ட அறிக்கையில் அந்தப் பொறியாளரை ‘குழு உறுப்பினர் 1’ என்று மட்டும் குறிப்பிட்டார்கள். இதை நான் முன்பு பெருந்தன்மையாகப் பார்த்தேன். இப்போது வேறொன்றும் கண்ணில் படுகிறது. பெயர் இல்லாவிட்டாலும் அங்கே ஓர் ஆள் இருக்கிறார். அவர் ஒன்று நினைத்தார், ஒன்று செய்தார், ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார் என்று வரிசையாகப் படிக்க முடிகிறது. என் அறிக்கையில் எல்லாம் தானாக நடந்தது.

சரி, கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். நேரலை சர்வரில் தனியாக வேலை செய்ய அவருக்கு அனுமதி கொடுத்த கையெழுத்து என்னுடையது. அவர் பெயர் அறிக்கையில் இருந்தால் படிக்கும் எவருக்கும் அடுத்த கேள்வி இயல்பாக வரும்: இவ்வளவு இளையவரை இரவில் தனியாக விட்டது யார்? பெயர் இல்லையென்றால் அந்தக் கேள்விக்குக் கால் முளைக்காது. எடுக்கும்போது இது என் மனதில் இருந்ததா? இல்லை என்றுதான் சொல்வேன். ‘அனுமதி முறையில் குறை’ என்று காரணங்களில் முதலாவதாக எழுதியவனும் நான்தான். ஆனால் அனுமதி முறை என்பது யார்? அதற்கும் முகம் கிடையாது. என் விதி எல்லோரையும் சமமாகக் காப்பாற்றுகிறது என்று நம்பியிருந்தேன். மேலே இருப்பவர்களைச் சற்றுக் கூடுதலாகவே காப்பாற்றுகிறதோ என்ற சந்தேகம் அந்த உரையாடலுக்குப் பிறகு வந்தது. அவர் அதைச் சொல்லவரவில்லை என்றே நினைக்கிறேன். சொல்லவந்தாரோ என்னவோ.

நடைமுறையில் இன்னொன்றும் நடந்தது. அறிக்கையின் கடைசியில் செய்ய வேண்டிய வேலைகள் என்று ஒரு பட்டியல் போட்டோம். நேரலை ஜன்னலுக்குச் சிவப்புப் பின்னணி, அழிக்கும் கட்டளைக்கு முன் சர்வர் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லும் தடுப்பு, இரவு வேலைக்கு இரண்டாவது ஆள். பொறுப்பு என்ற இடத்தில் மூன்றுக்கும் ‘குழு’. பெயர் போடாத பழக்கம் அங்கேயும் ஒட்டிக்கொண்டது. பொதுவில் விட்ட வேலை என்னவாகுமோ அதுவே ஆனது. சிவப்புப் பின்னணியை ஒருநாள் யாரோ போட்டிருந்தார்கள். யாரென்று பார்த்தால் அவர்தான். யாரிடமும் சொல்லவில்லை. பாராட்டலாம் என்று போனேன், எந்த முகத்தோடு என்று தோன்றியது, வேறு எதையோ பேசிவிட்டு வந்தேன்.

இதிலிருந்து ஒரு விதி செய்துவிடலாம். காரணத்துக்குப் பெயர் வேண்டாம், தீர்வுக்குப் பெயர் வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது, சில காலம் அப்படியே நடத்தியும் பார்த்தோம். வேலைகள் முடிந்தன, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய கேள்வி அப்படியே நிற்கிறது, ஏனென்றால் அவர் கேட்டது காரணத்தின் பக்கத்தில் தன் பெயரை.

இப்போது நான் ஆளையே கேட்டுவிடுகிறேன். “உங்க பேரு இருக்கலாமா, வேண்டாமா?” அப்புறம்தான் எழுதுகிறேன். அந்த இளம் பொறியாளர் ஒவ்வொரு முறையும் இருக்கலாம் என்கிறார், வெட்டிவிடாதீர்கள் என்ற தொனியில். மற்றவர்களில் சிலர் வேண்டாம் என்கிறார்கள். அவர்களில் ஒருவர் அண்மையில் என்னிடம் சொன்னார், அந்த இளம் பொறியாளரின் பெயர் இருக்கும் அறிக்கைகளுக்கு நடுவே பெயரில்லாத அறிக்கை வந்தால் எல்லோரும் யாரென்று தேட ஆரம்பிக்கிறார்களாம். “முன்னாடி யாருமே இல்லாம இருந்தப்போ நல்லா இருந்துச்சு சார்” என்றார். அடுத்த அறிக்கையில் அவருடைய விஷயம் ஒன்று வருகிறது. எப்படி எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை.