ஏலக்காரர் மகன் ஃப்ரீமேசன் ஆன அனுபவம்

ஃப்ரீமேசன் என்றாலே நம்மவர்கள் காதுக்கு வந்து சேர்வது சதிக்கதைகள்தான். உண்மையில் இது கல்தச்சர் கருவிகளை அடையாளமாக வைத்து ஒழுக்கம் சொல்லித்தரும் ஒரு சகோதர அமைப்பு. உறுப்பினரைச் சுருக்கமாக மேசன் என்பார்கள், உறுப்பினர்கள் கூடும் கிளைக்கு லாட்ஜ் என்று பெயர், தங்கும் விடுதி அல்ல. நான் பெங்களூரில் அப்படி ஒரு லாட்ஜில் சேர்ந்திருக்கிறேன். சேர்வதற்கு என்னென்ன நடந்தது என்று எழுதினால் கேள்வியோடு இருக்கும் நாலு பேருக்கு உதவும்.

எங்கள் தொழில் ஏலம். தாத்தா தொடங்கியது. கன்டோன்மென்ட் பக்கம் வீட்டைக் காலி செய்து வெளிநாடு போகிறவர்களின் சாமான், பெரியவர்கள் காலமானபின் பிள்ளைகள் பிரித்துக்கொள்ள முடியாத சாமான் எல்லாம் எங்கள் கூடத்துக்கு வரும். ஈட்டிமர அலமாரி, பியானோ, சுவர்க்கடிகாரம், பித்தளைக் குத்துவிளக்கு. அப்பாவுக்கு விடிந்ததும் அல்சூர் சுப்பிரமணியர் கோயில், பகலெல்லாம் கடை, மாதத்தில் ஒரு மாலை கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு லாட்ஜ். ஒன்றை வைத்து இன்னொன்றில் ஆதாயம் தேடாத மனுஷன். அவருக்குப் பின் கடை எனக்கு வந்தது. லாட்ஜ் அப்படி வராது. மேசனின் மகனை ‘லூயிஸ்’ என்பார்கள். அந்தப் பெயர் இருந்தாலும் மனு போட்டுத்தான் ஆக வேண்டும்.

யாரும் வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கக்கூடாது, நாமேதான் கேட்க வேண்டும். அப்பாவின் சிநேகிதரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் கேட்டேன். “நீயா கேக்கணும்னுதான்பா நாங்க வாயைத் திறக்கல” என்றார். அவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். மனுவில் முக்கியமானவை இரண்டு: கடவுள் நம்பிக்கை உண்டு என்று சொல்ல வேண்டும், பண லாபத்துக்காக வரவில்லை என்று உறுதி தர வேண்டும். எந்தக் கடவுள் என்று கேட்பதில்லை. பெண்களைச் சேர்ப்பதில்லை. என் அக்காவுக்கு அதில் வருத்தம் உண்டு, எனக்கும்தான்.

அம்மாவுக்கு வேறு பயம். “அப்பா போனார் சரி, உன்னை சாமி மாறச் சொல்லுவாங்களாடா?” விவேகானந்தர் 1884இல் கல்கத்தாவில் மேசன் ஆனவர், அவருடைய அப்பா இறந்ததும் அதே வருடம்தான். இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “திருநீறு வெச்சுக்கிட்டுப் போ” என்றாள். நம்ம ஊருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பவர்களுக்கு ஒரு தகவல்: ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 18ஆம் நூற்றாண்டிலேயே திருச்சியில் மேசன் ஆனவர். இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ், அதாவது லாட்ஜ்களுக்கெல்லாம் தலைமை அமைப்பு, 1961 நவம்பர் 24 அன்று டெல்லியில் அமைந்தது.

அடுத்தது விசாரணை. மூத்த உறுப்பினர்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசினார்கள். காபி ஆறுவதற்குள் ஒருவர் நேராகவே கேட்டார்: “தம்பி, இங்க வந்தா கடைக்கு ஆள் வருவாங்கன்னு நினைக்கறீங்களா?”

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. ஏலக்காரனுக்குப் பழக்கவழக்கம்தான் முதல். நாலு பேரைத் தெரிந்திருந்தால்தான் சாமான் வரும், கேட்கவும் ஆள் வரும். அதனால் இந்தச் சந்தேகம் நியாயமானது. நான் அப்பாவின் பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினேன். லாட்ஜ் நண்பர்கள் வீட்டுச் சாமானுக்கும் தெருவில் போகிறவர் சாமானுக்கும் ஒரே கமிஷன். ஒரு நண்பர் இறந்து அவர் மனைவி சாமான் அனுப்பியபோது குறைந்தபட்ச விலையை அந்தம்மா கையாலேயே அப்பா எழுதி வாங்கியிருக்கிறார்.

இன்னொருவர், “விலை ஏத்த ஆள் வைக்கறதுண்டா?” என்றார். இல்லை என்றேன். 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. விற்பவர் பொய்யாக ஏலம் கேட்டு விலையை ஏற்றினால், வாங்கியவர் அந்த விற்பனையையே ரத்து செய்யலாம். விற்பவர் தானும் ஏலம் கேட்க விரும்பினால் அந்த உரிமையை முன்கூட்டியே வெளிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும். சுத்தியல் விழும்வரை கேட்டவர் பின்வாங்கலாம், விழுந்தால் பேரம் முடிந்தது. இதையெல்லாம் அப்பா ஒவ்வொரு ஏலத்துக்கும் முன் தமிழிலும் கன்னடத்திலும் சத்தமாகச் சொல்வார். நானும் சொல்கிறேன்.

பிறகு ரகசிய வாக்கெடுப்பு. பெட்டியில் வெள்ளைக் குண்டும் கறுப்புக் குண்டும் போடுவார்கள். கறுப்பு விழுந்தால் கதவு அடைபடலாம், போட்டது யாரென்று யாருக்கும் தெரியாது. முடிவு வரும்வரை எனக்குத் தூக்கமில்லை. அப்பா பழகிய இடத்தில் வேண்டாம் என்றுவிட்டால் எப்படித் தாங்குவது என்ற பயம்.

சேர்க்கும் நாளில் நடப்பதைச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், சொல்ல மாட்டேன். வெளியில் அச்சாகி எல்லாரும் அறிந்ததை மட்டும் சொல்கிறேன். உறுதிமொழி அவரவர் வேதத்தின் மேல். நான் கீதையின் மேல் எடுத்தேன். மதமும் அரசியலும் அங்கே விவாதத்துக்கு வரக்கூடாது. மேசன் ஆனவர் ஒவ்வொரு படியாக மேலே போக வேண்டும். முதல் படியில் காட்டும் கருவிகளில் ஒன்று 24 அங்குல அளவுகோல். ஒரு நாளின் 24 மணி நேரத்தில் கொஞ்சம் வழிபாட்டுக்கு, கொஞ்சம் உழைப்புக்கும் ஓய்வுக்கும், கொஞ்சம் கஷ்டத்தில் இருக்கும் நண்பனுக்கு. அந்தக் கடைசிப் பங்கும் தன் வீட்டுக்குக் கேடு வராத அளவுக்குத்தான். கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பாவின் கோயிலும் கடையும் லாட்ஜும் அப்படியே அதில் இருந்தன. இன்னொரு கருவி சுத்தியல். கல்லின் வேண்டாத முரட்டுப் பகுதியைத் தட்டி எடுக்க.

மொத்தம் மூன்று படிகள். நுழைவுக் கட்டணமும் வருடச் சந்தாவும் உண்டு, ஒவ்வொரு லாட்ஜுக்கும் மாறும். மனு போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பாடங்களை மனப்பாடம் செய்ய நேரம் ஒதுக்க வேண்டும். கடையடைத்தபின் மாமா வந்து சொல்லித் தருகிறார்.

எனக்கு இரண்டாம் படிக்கு ஆடியில் நாள் குறித்தார்கள். ஆடிக் கிருத்திகைக்கு அல்சூரில் காவடி எடுக்கிறேன், விரதம் இருக்கிறேன் என்று செயலரிடம் சொன்னேன். “உங்கப்பாவும் அந்த வாரம் வரமாட்டார்” என்று சொல்லி, ஆவணிக்கு மாற்றிக் கொடுத்தார்.