மருமகன் ஏறினால் நான் ஏற முடியாது

அடிலெய்டில் கணக்கர் வேலையை விட்டுவிட்டு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பூர்வகுடி ஓவிய மையம் ஒன்றை நடத்தப் போகிறேன் என்றதும், திருச்சியிலிருந்து அம்மா கேட்டது: "உனக்குக் கோலமே ஒழுங்கா வராதே?" வரையப்போவது நான் இல்லை. இந்த மையங்கள் ஓவியர்களுக்கே சொந்தம். அவர்கள் தேர்ந்தெடுக்கும் குழுதான் முதலாளி, மேலாளர் சம்பளத்துக்கு இருக்கும் ஆள். கேன்வாஸ் வெட்ட, பெயின்ட் கலக்க, கணக்கு எழுத, டயர் மாற்றத் தெரிந்தால் போதும்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து டனாமி சாலையில் வடமேற்கே போனால் வார்ல்பிரி என்ற பூர்வகுடி மக்களின் நிலம். யுவெண்டுமு அங்கே பெரிய ஊர், ஏறக்குறைய 300 கிலோமீட்டர். எங்கள் ஊர் அதைவிடச் சிறியது, அதனால் பெயரைச் சொல்லவில்லை. ஒரு கடை, ஒரு பள்ளி, ஒரு கிளினிக், கணக்கில்லாத நாய்கள். மதுவுக்குத் தடை. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும், ஜூலை இரவுகளில் கம்பளி இரண்டு வேண்டும். கறிவேப்பிலைக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்தான் போக வேண்டும். அங்கே மலையாளிகள் நிறைய இருப்பதால் தேங்காய் எண்ணெய்க்கும் குறைவில்லை.

வந்த கொஞ்ச நாளில் பாட்டிகள் எனக்கு முறைப்பெயர் வைத்தார்கள்: நக்கமாரா. வார்ல்பிரியில் இப்படி எட்டுப் பிரிவுகள். பெண்ணின் பெயர் 'ந'வில் தொடங்கும், ஆணின் பெயர் 'ஜ'வில். மரியாதைக்குச் சூட்டும் பட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தப் பெயர் வந்த நிமிடமே ஊரில் ஒவ்வொருவரும் எனக்கு ஒரு முறையாகிவிட்டார்கள். நக்கமாரா கட்டிக்கொள்ள வேண்டியவர் ஜபல்ஜாரி. பிறக்கும் மகள் நுங்கராயி. அவளைக் கட்டுகிறவர் ஜங்காலா. ஆக, எனக்குக் கல்யாண வயதில் மகளே இல்லாவிட்டாலும் ஊரிலுள்ள ஜங்காலாக்கள் எல்லாரும் எனக்கு மருமகன். இங்கே மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, ஒரே வண்டியில் உட்காரக்கூடாது. வெளியாள் என்பதால் எனக்குச் சலுகை உண்டு. தங்களுக்குள் அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

காலையில் டொயோட்டா ட்ரூப் கேரியர் என்ற பெரிய ஜீப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஓவியர்களை ஏற்றி வரும்போது இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். யாரை முதல் நடையில் கூட்டி வருவது, யாரை இரண்டாவதில் என்பது பெரிய கணக்கு. எனக்கு முன்பு வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டி வைத்திருந்தார்கள். எனக்கு அது அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அம்மாவின் அக்காவும் அம்மாதான், அப்பாவின் தம்பியும் அப்பாதான், மாமன் பிள்ளை வேறு கணக்கு என்பதெல்லாம் நமக்குப் புதிதா என்ன?

ஓவியமும் இந்த முறைக்குள்தான் வரும். மழையின் கதையை யார் வேண்டுமானாலும் வரைந்துவிட முடியாது. அது நங்காலா, நம்பிஜின்பா பெண்களுக்கும் ஜங்காலா, ஜம்பிஜின்பா ஆண்களுக்கும் உரியது. தந்தை வழியில் உரிமை, தாய் வழியில் மேற்பார்வை. மேற்பார்வைக்காரர் வந்து பார்த்து, சரியில்லை என்றால் நிறுத்திவிடுவார். 1971இல் பாப்புன்யா என்ற இன்னொரு பாலைவன ஊரின் பள்ளிச் சுவரில் தேனெறும்புக் கதையை வரைந்தபோதே எதைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்ற பேச்சு தொடங்கிவிட்டது. அழகுக்கு என்று ஊரார் நினைக்கும் புள்ளிகளில் சில, மறைப்பதற்காக வந்தவை.

கேன்வாஸைத் தரையில் விரித்து, சுற்றிச் சுற்றி உட்கார்ந்து வரைவார்கள். ஈரம் காயும் முன் நாய் நடந்துபோனால் அந்தக் காலடியையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். வாங்குகிறவர்கள் மின்னஞ்சலில் "எது மேல்பக்கம்?" என்று கேட்பார்கள். மேலிருந்து பார்த்த நிலத்துக்கு ஏது மேல்பக்கம்? எப்படியும் மாட்டலாம் என்று பதில் எழுதுவேன்.

பணம்தான் தலைவலி. எங்கள் மையத்தில் விலையில் பாதி ஓவியருக்கு, மீதியில் கேன்வாஸ், டீசல், சம்பளம் எல்லாம். ஓவியர் கையில் பணம் வந்தால் மாலைக்குள் அது பேரன் வீட்டு மின்சார அட்டையாகவும், தங்கை வீட்டு இறைச்சியாகவும் போய்விடும். சேமிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்று நகரத்து ஆட்கள் எனக்கு அறிவுரை சொல்வார்கள். கொடுத்தவருக்கு இன்னொரு நாள் திரும்பி வரும் என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. நகரத்து மோட்டல் அறையில் உட்காரவைத்து, பழைய கார் ஒன்றுக்குப் பத்து ஓவியம் எழுதி வாங்கும் தரகர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பூர்வகுடி ஓவியர் க்ளிஃபர்ட் பாஸம் ஜபல்ஜாரி 1977இல் வரைந்த 'வார்லுகுலாங்' அப்போது 1,200 டாலருக்குப் போனது. 2007இல் ஏலத்தில் 24 லட்சம் டாலர். அவர் 2002இலேயே இறந்துவிட்டார், குடும்பத்துக்கு அந்த விற்பனையில் சட்டப்படி பங்கில்லை. 2010 ஜூனில்தான் மறுவிற்பனை உரிமைத்தொகை நடைமுறைக்கு வந்தது. ஓவியம் மறுபடி 1,000 டாலருக்கோ அதற்கு மேலோ விற்றால் ஓவியருக்கு 5 சதவீதம், ஓவியர் இறந்து 70 ஆண்டுகள் வரை வாரிசுகளுக்கு.

இப்போது என் மேசையில் இருக்கும் படிவம் அந்தத் தொகைக்கானது. ஓவியர் ஒரு பெண், போன கோடையில் இறந்தார். துக்கக் காலத்தில் மையத்தை மூடி, சுவரிலிருந்த அவர் படங்களை எடுத்துவிட்டோம். பெயரை யாரும் உச்சரிப்பதில்லை, அதே பெயருள்ள இன்னொருவரையும் வேறு பெயரில் கூப்பிடுகிறார்கள். படிவத்திலோ முதல் கட்டமே அவர் முழுப்பெயர், அடுத்த கட்டம் பிள்ளைகள். அவர் பெற்றெடுத்த பிள்ளைகள் இரண்டு பேர். தங்கை பிள்ளைகளும் அவருக்குப் பிள்ளைகளே, அவர்களையும் சேர்த்தால் ஏழு. "சித்தி பிள்ளைகளைச் சேர்க்க முடியாது" என்கிறார் தொலைபேசியில் பேசும் அலுவலர். "யார் சித்தி? அது அம்மா" என்கிறார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி. செவ்வாய்க்கிழமை குழு கூடுகிறது. பங்கு பிரிப்பதை அவர்கள் சொல்லட்டும் என்று படிவத்தை இன்னும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.