537 வாக்குகளும் மூன்றாவது வேட்பாளரும்

2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடா மாநிலத்தை குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் 537 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டது; அந்த வெற்றியே அவரை அதிபராக்கியது. அதே மாநிலத்தில் பசுமைக் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நேடர் 97,488 வாக்குகள் பெற்றிருந்தார். மூன்றாம் கட்சிக்கு வாக்களிப்பது முற்போக்குக் கொள்கைகளுக்கு உதவுமா, ஊறு செய்யுமா என்று அமெரிக்க லிபரல்கள் எப்போது வாதிட்டாலும் பேச்சு இந்த இரண்டு எண்களில் வந்து நின்றுவிடுகிறது. மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் 1966-இல் நிறைவேறுவதற்குப் பெருங்காரணமாக இருந்தவர், நுகர்வோர் உரிமைக்காக வாழ்நாளெல்லாம் போராடியவர், கடைசியில் புஷ்ஷை வெள்ளை மாளிகைக்கு அனுப்பிவைத்தவர் என்ற பழியோடு நினைவுகூரப்படுகிறார்.

நேடர் தரப்பின் பதில்களை நான் அலட்சியப்படுத்துவதில்லை. புஷ்ஷை எதிர்த்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோர் தம் சொந்த மாநிலமான டென்னசியிலேயே தோற்றார். அதன் 11 தேர்வாளர் குழு வாக்குகள் (பெரும்பாலும் மாநிலத்தில் வெல்பவருக்கே மொத்தமாகச் சேர்ந்து, அதிபர் யார் என்பதைத் தீர்மானிப்பவை) கிடைத்திருந்தால் புளோரிடா தேவைப்பட்டிருக்காது. பாம் பீச் மாவட்டத்தின் குழப்பமான வாக்குச்சீட்டால், கோருக்குப் போக வேண்டிய ஆயிரக்கணக்கான வாக்குகள் இன்னொரு சிறு கட்சி வேட்பாளரான பேட் புக்கானனுக்குப் போயின. மறு எண்ணிக்கையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. வித்தியாசம் 537 மட்டுமே என்னும்போது இவற்றில் எதை மாற்றினாலும் முடிவு மாறியிருக்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் ஒரு விளைவுக்குப் பல காரணங்கள் இருப்பதனால் அவற்றுள் ஒன்று காரணமே அல்ல என்று ஆகிவிடாது. வாக்குச்சீட்டின் வடிவமைப்பு யாரும் வேண்டுமென்று செய்த முடிவன்று. இழுபறி மாநிலங்களிலும் பிரசாரம் செய்வது என்பது நேடர் தெரிந்தே எடுத்த முடிவு.

அந்த முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நாடு முழுவதும் 5 சதவீத வாக்கு பெற்றால் அடுத்த தேர்தலுக்குக் கட்சிக்கு அரசின் நிதியுதவி கிடைக்கும் என்பதே அவர் அறிவித்த இலக்கு. அந்தக் கணக்கில் கலிபோர்னியாவில் விழும் வாக்குக்கும் புளோரிடாவில் விழும் வாக்குக்கும் ஒரே மதிப்புதான். முடிவு முன்கூட்டியே தெரிந்த கலிபோர்னியா, நியூயார்க், டெக்சாஸ் போன்ற பெரிய மாநிலங்களில் உழைத்திருந்தால், யாருக்கும் தீங்கின்றி அந்த இலக்கை நோக்கி நகர்ந்திருக்கலாம். இறுதியில் அவருக்குக் கிடைத்தது 2.7 சதவீதம், நிதியும் வரவில்லை.

நேடருக்கு விழுந்த வாக்குகள் எல்லாம் கோருடையவை என்று ஜனநாயகக் கட்சியினர் பேசுவதும் தவறு. புளோரிடாவின் வாக்குச்சீட்டுகளையே ஆராய்ந்த மைக்கேல் ஹெரன், ஜெஃப்ரி லூயிஸ் ஆகிய அரசியல் ஆய்வாளர்கள், நேடர் வாக்காளர்கள் இரு பெரிய வேட்பாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் சுமார் 60 சதவீதத்தினரே கோரிடம் சென்றிருப்பார்கள் என்று மதிப்பிட்டனர். 60-க்கு 40 என்றாலும் 537-ஐத் தாண்ட அது தாராளமாகப் போதும். ஆனால் அதே விகிதத்தை டிரம்ப் ஹிலாரியை வென்ற 2016 தேர்தலுக்குப் பொருத்திப் பார்த்தால் கதை வேறாகிறது. மிச்சிகனில் டிரம்பின் வித்தியாசம் 10,704. பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் பெற்றவை 51,463. விஸ்கான்சினில் 22,748-க்கு எதிரே 31,072. பென்சில்வேனியாவில் 44,292-க்கு எதிரே 49,941. இந்த எண்களை அருகருகே வைத்து ஸ்டைன்தான் ஹிலாரியைத் தோற்கடித்தார் என்று சொல்லும் படங்கள் இன்றும் சமூக ஊடகங்களில் சுற்றுகின்றன. 60-க்கு 40 என்று பிரித்தால் மூன்று மாநிலங்களில் ஒன்றுகூட ஹிலாரியிடம் வராது. மிச்சிகன் மட்டும் நூலிழையில் தவறும். மூன்றும் சேர்ந்து வந்தால்தான் முடிவு மாறும் என்ற நிலையில், ஸ்டைனின் வாக்காளர்கள் ஏறத்தாழ அத்தனை பேரும் ஹிலாரிக்கே வாக்களித்திருக்க வேண்டும். அவ்வளவு பேர் போயிருப்பார்கள் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

மூன்றாம் கட்சியினர் முன்வைக்கும் வலுவான வாதம் வேறு: ஒரு முறையாவது தோற்கடித்தால்தான் பெரிய கட்சி நம் பேச்சைக் கேட்கும் என்பது. 2000-க்குப் பிறகு அப்படி எதுவும் நடக்கவில்லை. ஜனநாயகக் கட்சி நேடரின் கோரிக்கைகளைக் கேட்பதற்குப் பதிலாக அவரை வெறுக்கக் கற்றுக்கொண்டது. 2004-இல் அவர் பெற்றது அரை சதவீதத்துக்கும் குறைவு. இடையில் ஈராக் போர் வந்தது. புஷ் தம் இரண்டாம் ஆட்சிக்காலத்தில் நியமித்த ராபர்ட்ஸ், அலிட்டோ ஆகிய இரு நீதிபதிகளும் இடம்பெற்ற உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை, 2010-இல் தேர்தல் செலவுகளில் நிறுவனங்களுக்கு இருந்த தடையை நீக்கியது. 2013-இல் வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான பகுதியைச் செயலிழக்கச் செய்தது. (2004-இல் புஷ் நேடரின் தயவின்றியே வென்றார் என்பதையும் சொல்ல வேண்டும், பழியின் சங்கிலியை விருப்பம்போல நீட்டிக்கொண்டே போக முடியாது.)

இவ்வளவையும் எழுதிவிட்டு 1844-ஆம் ஆண்டுத் தேர்தலைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருதலைப்பட்சமாக எழுதியவன் ஆவேன். அடிமை முறை ஒழிப்பை மட்டுமே கொள்கையாகக் கொண்ட லிபர்ட்டி கட்சியின் ஜேம்ஸ் பர்னி அந்த ஆண்டு நியூயார்க்கில் சுமார் 15,800 வாக்குகள் பெற்றார். அங்கே விக் கட்சியின் ஹென்றி கிளே ஜனநாயகக் கட்சியின் ஜேம்ஸ் போல்க்கிடம் தோற்றது சுமார் 5,100 வாக்குகளில்; நியூயார்க் கிடைத்திருந்தால் கிளேதான் அதிபர். டெக்சாஸ் அடிமை மாநிலமாக இணைந்ததும், மெக்சிகோவுடன் போர் மூண்டதும் போல்க் காலத்தில். எனவே, பர்னியின் ஆதரவாளர்கள் தாம் எதிர்த்த கொடுமைக்கே துணைபோனார்கள் என்று அன்றைய விக் கட்சியினர் கொதித்ததில் நியாயம் உண்டு. ஆனால் கிளேயும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். சிறிய தீமை என்று அவருக்கு வாக்களிக்கும்படி ஓர் அடிமை ஒழிப்புவாதியிடம் கேட்பது எப்படிப்பட்ட கோரிக்கை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கே ஆண்டுகளில் அந்தச் சிறு கட்சியினரில் பலர், அடிமை முறை புதிய பகுதிகளுக்குப் பரவுவதை எதிர்த்த ஃப்ரீ சாயில் கட்சியில் சேர்ந்தனர். 1854-இல் குடியரசுக் கட்சி உருவானபோது அந்த ஓட்டமும் அதில் கலந்தது. 1860-இல் அக்கட்சியின் லிங்கன் வென்றார்.

1844-இல் பலித்தது 2000-இல் ஏன் பலிக்கவில்லை? பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி அடிமை முறை பற்றிய கேள்வியால் உள்ளுக்குள்ளேயே பிளந்துகொண்டிருந்தது. பர்னியின் வழிவந்தவர்கள் சென்று சேர ஓர் இடம் உருவாகிக்கொண்டிருந்தது. நேடருடைய வாக்காளர்களுக்கு அப்படி ஓர் இடம் இல்லை. அதைவிட முக்கியமாக, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரே வேட்பாளரை இரண்டு கட்சிகள் நிறுத்தும் வழக்கம் பரவலாக இருந்தது. பின்னாளில் பெரும்பாலான மாநிலங்கள் அதைத் தடை செய்துவிட்டன. அத்தகைய தடை செல்லும் என்று 1997-இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. நமக்கு நன்கு பழகிய கூட்டணிப் பேரத்துக்கு அங்கே சட்டமே கதவடைத்திருக்கிறது.

கதவு திறந்திருக்கும் இடங்களில் விளைவு வேறாக இருக்கிறது. நியூயார்க்கில் 1998-இல் தொடங்கப்பட்ட உழைக்கும் குடும்பங்கள் கட்சி பெரும்பாலும் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களின் பெயரையே வாக்குச்சீட்டில் தன் வரிசையிலும் அச்சிட வைக்கிறது. அந்த வரிசையில் வாக்களிப்பவர் வெற்றியைக் கெடுப்பதில்லை. எத்தனை பேர் இடதுபுறம் நின்று ஆதரிக்கிறார்கள் என்பதை மட்டும் எண்ணிக் காட்டுகிறார். 2004-இல் ஆளுநரின் மறுப்பை மீறி அம்மாநிலச் சட்டமன்றம் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தியதில் அந்தக் கட்சிக்கு முக்கியப் பங்கு உண்டு.

மெய்ன் மாநிலத்தின் அனுபவம் இதற்கு மறுபக்கம். 2010-இல் சுயேச்சை எலியட் கட்லரும் ஜனநாயகக் கட்சியின் லிபி மிட்செலும் வாக்குகளைப் பிரித்துக்கொள்ள, குடியரசுக் கட்சியின் பால் லெபாஜ் சுமார் 38 சதவீத வாக்கில் ஆளுநரானார். ஏழைகளுக்கான மெடிகெய்ட் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கும் மசோதாக்களை அவர் மீண்டும் மீண்டும் நிராகரித்தார். 2017-இல் மக்கள் பொதுவாக்கெடுப்பில் நேரடியாக ஆதரித்த பிறகும் அவரது பதவிக்காலம் முடியும்வரை அது நடைமுறைக்கு வரவில்லை. மூன்றாவது வேட்பாளரால் முற்போக்குக் கொள்கைக்கு விளைந்த தீங்குக்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். அந்தக் கசப்பில்தான் மெய்ன் மக்கள் 2016-இல் வேட்பாளர்களை முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் விருப்ப வரிசை வாக்கு முறைக்கு ஒப்புதல் அளித்தார்கள். 2018 நாடாளுமன்றத் தேர்தலில், முதல் எண்ணிக்கையில் பின்தங்கியிருந்த ஜனநாயகக் கட்சியின் ஜாரெட் கோல்டன், சுயேச்சைகளுக்கு வாக்களித்தவர்களின் அடுத்த விருப்பங்களைச் சேர்த்து எண்ணியபோது வென்றார்.

எனவே இழுபறி மாநிலத்தில் அதிபர் தேர்தலில் மூன்றாம் கட்சிக்கு வாக்களிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். முடிவு தெரிந்த மாநிலத்தில் அப்படி வாக்களிப்பவரைக் குறைகூறவும் மாட்டேன். ஆனால் எதிர்ப்பு வாக்குக்காகச் செலவாகும் உழைப்பில் ஒரு பங்கு விதிகளை மாற்றுவதற்குப் போயிருந்தால் பலன் கூடியிருக்கும். அதுவும் எளிதன்று: மாநில அரசியலமைப்பின் சொற்களைக் காரணம் காட்டி மெய்னின் உச்ச நீதிமன்றம் 2017-இல் எதிர்க்கருத்துக் கூறிவிட்டதால், ஆளுநருக்கும் மாநிலச் சட்டமன்றத்துக்குமான பொதுத்தேர்தல்கள் அங்கே பழைய முறையிலேயே நடந்துவருகின்றன.