நான் எழுதிய ‘கெட்ட சகவாசம்’

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, சேர்ந்த நாலாவது நாளே வாட்ஸ்அப்பில் கேட்டாள்: “அக்கா, ஒரு மாடல் எஸ்.ஐ.ஆர். இருந்தா அனுப்புங்களேன், பேரை மட்டும் மாத்திக்கிறேன்.” சிரிப்பு வரவில்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: இங்கே எஸ்.ஐ.ஆர். என்பது வாக்காளர் பட்டியல் திருத்தம் இல்லை. பி.ஓ. என்றால் பாங்க் வேலையும் இல்லை (என் பெரியப்பா இன்னும் லோன் வாங்கித் தரச் சொல்லிக்கொண்டிருக்கிறார்). எங்கள் ஊர் பி.ஓ. நன்னடத்தை அலுவலர்; நான் அதுதான், தொகுப்பூதியம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள ஒரு பையன் மீது வழக்கு என்றால், போலீஸ் அவனை 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் (சிறார் வழக்குகளை விசாரித்து முடிவு செய்யும் அமைப்பு) முன் நிறுத்த வேண்டும். குழுமம் எங்களை விசாரித்து எழுதச் சொல்லும். வீடு, பள்ளிக்கூடம், அக்கம்பக்கம் எல்லாம் பார்த்து 15 நாளுக்குள் சமூக ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும், அதுதான் எஸ்.ஐ.ஆர். 2015ஆம் வருஷத்துச் சட்டம் சொல்வது இது. சட்டத்தில் ஒரு வரிதான், ஆனால் அந்தப் பையனை மேஜைக்கு அந்தப்பக்கம் உட்காரவைத்து முதலில் என்ன கேட்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பயிற்சி நடந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். குழும உறுப்பினர்களுக்கு நியமனம் ஆகி 60 நாளுக்குள் பயிற்சி தர வேண்டும் என்று 4வது பிரிவிலேயே இருக்கிறது. எனக்குக் கிடைத்தது வேலையில் சேர்ந்து எட்டு மாதம் கழித்து, இரண்டு நாள். பிபிடி, நடுவில் டீ போண்டா, கடைசியில் குரூப் போட்டோ, சர்டிபிகேட். எந்தப் பிரிவு எதைச் சொல்கிறது என்று நன்றாகவே நடத்தினார்கள். ஆனால் அதற்குள் நான் முப்பதுக்கு மேல் அறிக்கை எழுதி முடித்திருந்தேன், எல்லாமே எனக்கு முன்னால் இருந்தவரின் சாஃப்ட் காப்பியில் பேரும் வயதும் மாற்றி.

அதில் ஒன்றைச் சொல்கிறேன். பதினாறு வயதுப் பையன், பதினோராம் வகுப்பு. செல்போன் பறித்துக்கொண்டு போன பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தான் என்று வழக்கு. இந்த மாதிரி சின்ன வழக்குக்கு விதிப்படி எஃப்.ஐ.ஆரே போடக் கூடாது, பொது நாட்குறிப்பில் பதிந்தால் போதும். ஆனால் கூட ஒரு பெரியவர் இருந்தால் போடலாம். பைக் ஓட்டியவனுக்கு 19 வயது. அதனால் எஃப்.ஐ.ஆர்., அதனால் கூர்நோக்கு இல்லம், அதாவது வழக்கு நடக்கும்போது சிறாரை வைத்திருக்கும் இடம்.

நான் இல்லத்தில் போய்ப் பார்த்தேன், இருபது நிமிஷம் இருக்கும். வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, “ஏன்டா செஞ்ச?” அவன் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். செருப்பு இல்லை, வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் இருந்தது. இரண்டாவது தடவை கேட்டதும் “தெரியாம பண்ணிட்டேன் மேடம்” என்றான். யார் அதட்டிக் கேட்டாலும் நம் ஊர்ப் பையன்கள் சொல்கிற பதில்தானே அது! நான் அதை “குற்றத்தை ஒப்புக்கொண்டான்” என்று எழுதினேன். கீழே சாஃப்ட் காப்பியில் ஏற்கனவே இருந்த வரியை அப்படியே விட்டேன்: “சிறாருக்குக் கெட்ட சகவாசம் உள்ளது. பெற்றோரின் கட்டுப்பாட்டில் இல்லை.” வீட்டுக்குப் போகவில்லை. பஸ் மாறிப் போக வேண்டிய ஊர், போய்வந்த பில் கொடுத்தால் பணம் எப்போது வரும் என்றும் தெரியாது.

ஜாமீன் மனு வந்த அன்று எதிர்த்தரப்பு எழுந்து அந்த ஒரு வரியைப் படித்தது. “நன்னடத்தை அலுவலரே சொல்லியிருக்கிறார்.” இங்கேதான் விஷயம். 12வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், சிறாருக்கு ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும், மறுக்கக் காரணம் மூன்றே மூன்றுதான்: வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேருவான், இல்லை அவனுக்கே ஆபத்து, இல்லை நீதியின் நோக்கம் கெடும். என் காப்பி பேஸ்ட் வரி முதல் காரணத்துக்குள் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. மனு தள்ளுபடி. பையனுக்கு அரையாண்டுத் தேர்வு போனது.

அதற்கப்புறம்தான் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தார். அந்தக் கெட்ட சகவாசம் யார் என்றால், அவனுடைய பெரியம்மா மகன். இரண்டு பேரும் ராத்திரி இரண்டு மணிக்கு மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறக்கப் போவார்களாம். கறுத்த நகம் ஒரு பெட்டி விழுந்ததில் வந்தது. அந்த அம்மா என்னிடம் ஒன்றுமே கோபப்படவில்லை, நாலு இட்லி வைத்தார், காசும் வாங்கவில்லை. அடுத்த அமர்வுக்கு நான் புது அறிக்கை கொடுத்தேன், ஜாமீன் கிடைத்தது. பையன் உண்மையிலேயே போன் பறித்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்துகொள்வது என் வேலையும் இல்லை என்பது ரொம்பக் காலம் கழித்துத்தான் உறைத்தது.

இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவர்தான் அப்போது கேட்டார், “ஒப்புக்கொண்டான்னு எழுத உங்களுக்கு யாரும்மா அதிகாரம் கொடுத்தது?” அவர் சொல்லித்தான் கால்ட் வழக்கைத் தேடிப் படித்தேன். 1964, அமெரிக்காவில் அரிசோனா மாநிலம், குளோப் என்ற ஊர். ஜெரால்டு கால்ட்டுக்கு 15 வயது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் போனில் ஆபாசமாகப் பேசினான் என்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், வேலைக்குப் போயிருந்த அப்பா அம்மாவுக்குத் தகவல்கூட வைக்கவில்லை. நன்னடத்தை அலுவலர் கோர்ட்டில் கொடுத்த மனுவில் அவன் என்ன செய்தான் என்றே இல்லை. இவன் மைனர், தவறிழைத்த சிறுவன், நீதிமன்றத்தின் பாதுகாப்பு தேவை, அவ்வளவுதான். வக்கீல் கிடையாது. 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளி என்று தீர்ப்பு. அதையே ஒரு பெரியவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், இல்லை அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை. 1967இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பையனுக்கும் வக்கீல் உண்டு, வாயை மூடிக்கொண்டிருக்கும் உரிமையும் உண்டு என்றது. அந்த அலுவலரின் மனுவைப் பற்றிப் படிக்கும்போது என் சாஃப்ட் காப்பிதான் ஞாபகம் வந்தது.

நம் சட்டத்திலும் 3வது பிரிவில் முதல் கொள்கையே, சிறார் குற்றமற்றவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். 99வது பிரிவு அறிக்கையை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. சரி, வெளி ஆளுக்கு ரகசியம். ஆனால் அவன் செய்தானா இல்லையா என்று முடிவு செய்யப்போகிற அதே குழுமம்தானே என் அறிக்கையையும் படிக்கிறது? என்னிடம் பேசினால் அது எங்கே போகும் என்று அந்தப் பையனுக்கு யார் சொல்வது? இரண்டு நாள் பயிற்சியில் இதற்கு ஒரு ஸ்லைடு போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருஷமும் அதே பிபிடி.

அந்தப் பெண்ணுக்கு மாடல் அனுப்பவில்லை. முதலில் வீட்டுக்குப் போ, அப்புறம் பையனைப் பார், “சாப்டியா”ல ஆரம்பி, வழக்கைப் பற்றி நீயாகக் கேட்காதே, “சகவாசம்” என்று எழுதத் தோன்றினால் அது யார் யார் என்று எழுது என்றேன். போன வாரம் போன் செய்தாள். படிவத்தில் குற்றத்துக்குக் காரணம் என்று ஒரு இடம் இருக்கிறதே அக்கா, பையன் நான் பண்ணவே இல்லைங்கிறான், அங்கே என்ன எழுதட்டும் என்றாள். வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இன்னும் கேட்கவில்லை.