கொடிமேடையில் ஏறிய எண்

அனல்மின் நிலையத்துக்கு அடுத்த ஊரில் ஒரு பள்ளி. மழைக்குத் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் எப்போதோ லாரி லாரியாகச் சாம்பலைக் கொட்டி, மேலே செம்மண் பரப்பி மைதானமாக்கியிருந்தார்கள். கழிப்பறைக்குக் குழி தோண்டியபோது ஒரு முழ ஆழத்தில் சிமெண்ட் நிறப் பொடி வந்தது. "இதுல கதிர்வீச்சு இருக்காமே?" என்று பெற்றோர் கேட்கத் தொடங்க, கதிர்வீச்சை அளக்கும் மீட்டரோடு நாங்கள் போனோம்.

பயம் வெறும் வதந்தி இல்லை. நிலக்கரியில் கதிர்வீசும் யுரேனியமும் தோரியமும் இம்மியளவு உண்டு. அடுப்பில் கார்பன் எரிந்துபோகும், இவை பெரும்பாலும் சாம்பலிலேயே தங்கிவிடும். நம் நாட்டு நிலக்கரியை 100 கிலோ எரித்தால் 35, 40 கிலோ சாம்பல் மிஞ்சும். ஆக, கரியில் இருந்ததைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் செறிவு.

5 மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்து, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் மீட்டரைப் பிடித்து அளந்துகொண்டே வந்தோம். பி.டி. சார் விசிலடித்துப் பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தார். கொடிமேடை பக்கம் போனதும் எண் சட்டென்று ஏறியது. நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். பின்னால் நின்ற தலைமையாசிரியை அதைப் பார்த்துவிட்டார். மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அங்கே துளைபோட்டுப் பார்த்தால் சாம்பலே இல்லை! மேடை கருங்கல். கிரானைட்டில் இயல்பாகவே கதிர்வீச்சு தரும் தோரியமும் பொட்டாசியமும் கூடுதலாக இருக்கும். கல்லூரியில் படித்ததுதான், வெயிலில் மறந்துவிட்டது. அந்தச் சிவப்பு வட்டத்தை விளக்க எனக்கு இரண்டு கூட்டங்கள் ஆயின.

மண்ணையும் சாம்பலையும் காயவைத்து, சலித்து, டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்து ஒரு மாதம் வைக்க வேண்டும். யுரேனியம் சிதைந்து வரும் ரேடியத்திலிருந்து பிறக்கும் ரேடான் வாயு வெளியே போய்விட்டால் கணக்கு குறைந்துவிடும்; அது உள்ளேயே சேர்ந்து நிலைக்க அத்தனை நாள் வேண்டும். "மண்ணு ஊறுகாயா சார், ஒரு மாசம் ஊறப் போடுறீங்க?" என்றார் ஒரு அப்பா. சிரிப்பு வந்தாலும் அவர் கோபம் புரிந்தது.

முடிவில், வேலிக்கு வெளியே எடுத்த மண்ணைவிடச் சாம்பலில் அதிகம்தான். ஆனால் கட்டுமானப் பொருட்களுக்குப் பார்க்கும் கிலோவுக்கு 370 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற வரம்பைத் தொடவில்லை. இயல்பிலேயே தோரியம் நிறைந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

எனக்கு உறுத்தியது வேறு. சாம்பலில் ஆர்சனிக் இருக்கும், ஈயம் இருக்கும், நுரையீரலுக்குள் போகும் நுண்தூள் இருக்கும். எங்கள் மீட்டருக்கு இதெல்லாம் தெரியாது. எங்களிடம் கேட்டதும் கதிர்வீச்சை மட்டும்தான். கிணற்று நீரையும் தூசியையும் தனியே சோதிக்க வேண்டும் என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன். முதல் பக்கத்தில் எழுதியிருக்கலாம்.

"அப்போ விளையாடலாமா சார்?" என்றார் பி.டி. சார்.

"கதிர்வீச்சுக்குப் பயந்து நிறுத்த வேண்டாம், ஆனா..." என்று இழுப்பதற்குள் விசில் ஊதிவிட்டார். நீளம் தாண்டும் இடத்தில் செம்மண் தேய்ந்து போயிருந்தது. தாண்டி எழுந்த பையனின் கணுக்கால் வரை சாம்பல் நிறம்.