அக்குள்ல கை வச்சு தூக்காதீங்க

பாப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு இன்னிக்கு 24-வது நாள். அஞ்சு மாசக் குழந்தை. விஎஸ்டி, அதாவது இதயத்தோட கீழ் ரெண்டு அறைக்கு நடுவுல ஓட்டை, பால் குடிக்கும்போதே நெத்தியெல்லாம் வேர்த்து ஊத்தும், ரெண்டு நிமிஷம் குடிச்சிட்டு அசந்து தூங்கிடுவா, எடையே ஏறல, நாங்க வெயிலுக்குத்தான் வேர்க்குதுன்னு நெனச்சிட்டோம், அது இன்னும் மனச அரிக்குது.

ஐசியூல மொத தடவ பாத்தப்ப வாயில ட்யூப், நெஞ்சுல ரத்தமும் நீரும் வடியிறதுக்கு ஒரு குழாய், கால் கட்டைவிரல மட்டும் தொட்டுட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் பெரியவனோட கஷ்டம் புரிஞ்சுது. நாலு வயசு. பத்து நாள் அம்மாச்சி வீட்டுல இருந்தவன் என்கிட்டயே வரல. ஆபரேஷனுக்காக வெட்டுன நெஞ்செலும்பு ஒண்ணு சேர கிட்டத்தட்ட 6 வாரம் ஆகும், அதுவரைக்கும் பாப்பாவ அக்குள்ல கை வச்சு தூக்கக்கூடாது, கழுத்துக்கடியிலயும் இடுப்புக்கடியிலயும் கை குடுத்து அள்ளித்தான் தூக்கணும், இத அவனுக்கு ஒரு தலகாணிய வச்சு சொல்லிக்குடுத்தேன். இப்ப வீட்டுக்கு வர்ற எல்லாரையும் அவன்தான் தடுக்கிறான், "அத்த, அப்படி தூக்காத, பாப்பா நெஞ்சுல தையல் இருக்கு"ன்னு.

நேத்து ராத்திரி முழுசா 90 மில்லி குடிச்சா. நெத்திய தொட்டுப் பாத்தேன், வேர்வையே இல்ல.