முதுகில் குடியேறும் ஆண்மீன்

ஃபோட்டோகோரினஸ் ஸ்பைனிசெப்ஸ் என்னும் ஆழ்கடல் தூண்டில் மீனைப் பற்றி எவ்வளவு படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீளமே உள்ள பெண்மீன், கதிரவன் ஒளி எட்டாத ஆழத்தில், தலையிலிருந்து நீளும் தூண்டிலின் நுனிக் குமிழில் ஒளிரும் பாக்டீரியாக்களைக் குடிவைத்து, அந்த வெளிச்சத்தை நாடி வரும் இரைகளை விழுங்கி வாழ்கிறது.

ஆண் இன்னும் வியப்புக்குரியது. பிலிப்பைன்ஸ் கடலில் கிடைத்த, முதிர்ச்சியடைந்த ஓர் ஆணின் நீளம் 6.2 மில்லிமீட்டர்தான், ஓர் அரிசி மணியளவு என்று சொல்லலாம். பெண்ணைக் கடித்துப் பற்றியதும், இருவரின் திசுக்களும் ஒட்டி, இரத்த ஓட்டமும் இணைந்துவிட, அதன்பின் அது பெண்ணின் உடலிலிருந்தே ஊட்டம் பெறுகிறது. பிற உறுப்புகளை ஒதுக்கித் தள்ளும் அளவுக்கு விந்தகம் அதன் வயிற்றை நிறைத்துக்கொள்கிறது.

தூண்டில் மீன் இனம் ஒன்றில் இவ்வாறு ஒட்டியிருந்த சிறு மீன்களை 1922இல் ஐஸ்லாந்து அறிஞர் ஒருவர் குஞ்சுகள் என்றே கருதினார். 1925இல் பிரிட்டிஷ் மீனியல் அறிஞர் சார்லஸ் டேட் ரீகன்தான் அவை ஆண்கள் என்று அறுத்துப் பார்த்து நிறுவினார். நம் மீனுக்குப் பெயரிட்டவரும் அவரே.

அயல் உடலைப் பெண் எவ்வாறு ஏற்கிறது என்பதற்கு 2020இல் வெளியான மரபணு ஆய்வு ஒரு விடை தந்தது: ஆண்கள் நிரந்தரமாக ஒட்டி வாழும் தூண்டில் மீன் இனங்களில், நோய் எதிர்ப்புக்கு ஆதாரமான முக்கிய மரபணுக்கள் சில செயலிழந்தோ மறைந்தோ போயிருக்கின்றன.